காவலும் அவகாசமும்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெஸ்டர்ன் ரோடு என்று நம்மில் வயதானவர்கள் இன்றும் சொல்லுகிற ஜாலான் உத்தாமாவின் ஓரத்திலுள்ள கிறிஸ்தவ இடுகாட்டுக்குள் சென்று பார்த்தவர்களுக்கு, அங்கே ருஷ்ய மாலுமிகளுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்பது தெரிந்திருக்கும். 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி பொழுது புலரும் வேளையில், இந்நகரத்துத் துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த ஜெம்சுக் என்னும் ருஷ்யப் போர்க்கப்பலை, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் வந்து சில நிமிஷங்களுக்குள் மூழ்கடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அந்த ருஷ்யக் கப்பலின் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். பீரங்கிக் குண்டுகளிற் பெரும்பாலானவை பூட்டியே கிடந்தன. விழித்திருக்க வேண்டிய காவல் விழித்திருக்கவில்லை. கப்பலிலே பீரங்கி இருந்தது, குண்டு இருந்தது, சுடத் தெரிந்த வீரர்களும் இருந்தார்கள். அவற்றையெல்லாம் ஒன்று சேர்த்துப் பிரயோகிப்பதற்கு வேண்டிய அவகாசம் ஒன்றுதான் இல்லை.

அவகாசம் என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றியே இன்று என் பேச்சு அமையும். எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு விளையாட்டு; அதிலும் நம்மவரிற் பலர் தொலைக்காட்சியில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, மனிதர்கள் மோதுகிறார்கள், நிற்கிறார்கள், மறுபடியும் மோதுகிறார்கள் என்று சொல்லி எழுந்து போய்விடுகிற அமெரிக்கக் காற்பந்து. அந்த மோதலுக்குள்ளே ஓர் அரிய கணக்கு மறைந்திருக்கிறது. எத்தனை பேரை வீட்டில் நிறுத்துவது, எத்தனை பேரை வெளியே அனுப்புவது என்பதே அந்தக் கணக்கு. இது நமக்கு அந்நியமானது என்று யாரும் எண்ண வேண்டாம். ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் இந்தப் பினாங்குக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த நாளில், நம் பாட்டனார்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யப்பட்ட கணக்கும் இதுவே அல்லவா? ஒரு மகன் அக்கரைக்கு, ஒரு மகன் நிலத்துக்கு. எல்லாரும் போனால் வீடு பாழ், எல்லாரும் இருந்தால் வயிறு பாழ்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு கஜ நீளமுள்ள திடலில் பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பார்கள். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கிற்குள் பத்துக் கஜம் முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பந்தைச் சுமந்துகொண்டு ஓடலாம். அல்லது குவார்ட்டர்பேக் என்று பெயர் பெற்ற ஒருவன், வரிசைக்குப் பின்னே சற்று விலகி நின்று, முன்னே ஓடிச் சென்றிருக்கும் தன் தோழன் ஒருவனுக்கு அதை எறியலாம். இவனை எறிவோன் என்றும், அதை வாங்குகிறவர்களை ஏற்போர் என்றும் இப்பேச்சில் குறிப்பிடுவேன்.

எறிதல் இந்த ஆட்டத்தோடு உடன் பிறந்ததன்று. ரக்பி இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்படுவது. அதிலே பந்தைக் கையால் முன்னோக்கி எறிவது குற்றம் என்பது இங்குள்ள மாணவர்களுக்குத் தெரியும். ரக்பியிலிருந்து தம் ஆட்டத்தை வார்த்துக்கொண்ட அமெரிக்கருக்கும் ஆதியில் அதுவே விதி. கூட்டமாகச் சேர்ந்து முட்டி மோதுவதன்றி முன்னேற வேறு வழியில்லாதிருந்த அக்காலத்தில் உயிர்ச்சேதம் மிகுந்து, 1905-ஆம் ஆண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசும்படி ஆயிற்று; அந்த ஒரே பருவத்தில் பதினெட்டுப் பேர் மாண்டதாகச் சிக்காகோ நாளிதழ் ஒன்று பருவ முடிவில் கணக்கெடுத்து வெளியிட்டது. அதன் பின்னரே, 1906-இல், முன்னோக்கி எறியலாம் என்று விதி திருந்தியது. அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்து பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் எறிவு யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தது; அக்காலத்து விதிப்படி அந்தக் குற்றத்துக்குப் பந்தையே இழக்க வேண்டியிருந்தது. அதே ஆட்டத்தில் அவர் மறுபடி எறிந்தது ஜாக் ஷ்னைடர் என்பவர் கையில் சேர்ந்து 20 கஜம் பலித்தது. ஏழாண்டு கழித்து, 1913-இல், நோட்டர்டேம் என்னும் கல்லூரியார் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியாரை அவர்கள் திடலிலேயே 35க்கு 13 என்று எறிவாலே வென்ற பிறகுதான், இது எளியவர்களின் தந்திரம் என்று இகழ்ந்திருந்தவர்களும் இதனைச் சிரத்தையோடு பயிலத் தொடங்கினார்கள்.

எறிதல் வந்த அன்றே நம் கேள்வியும் வந்துவிட்டது. பந்தோடு ஓடுகிறவனுக்கு அவன் கால்களே பாதிப் பாதுகாப்பு. எறிகிறவனோ நின்றால்தான் எறிய முடியும், முன்னே பார்த்தால்தான் குறி வைக்க முடியும். ஆகவே, அவனைத் தாக்க ஓடி வருகிறவர்களை அவனுக்காக வேறு யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினொருவரில் எறிவோன் ஒருவன் போக மீதி பத்துப் பேர். அவர்களில் ஐவர் முன்வரிசையார். அவர்கள் பந்தை ஏற்பதற்கு விதி இடம் கொடுப்பதில்லை, ஆகையால் அவர்கள் எப்போதும் காவலர்களே. எஞ்சிய ஐவரும் ஏற்கத் தகுதி பெற்றவர்கள். இந்த ஐவரைப் பற்றியதே பயிற்சியாளனின் தீராத விசாரம். ஐவரையும் அனுப்பினால் எதிரிகளுக்கு ஐந்து திசையிலும் கவலை; ஆனால் தாக்க வருகிறவர்கள் ஆறு பேரானால் ஒருவனைத் தடுக்க ஆளில்லை. இருவரை நிறுத்திக்கொண்டு மூவரை மட்டும் அனுப்பினால் வீடு பத்திரம். ஆனால் எதிரிகள் நால்வரை மாத்திரம் தாக்க அனுப்பிவிட்டு, எஞ்சிய எழுவரைக்கொண்டு அந்த மூவரைச் சூழ்ந்துகொள்வார்கள். எறிவோன் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் எறிய ஓர் இடம் அகப்படாது. அத்தகைய பத்திரத்தால் பயன் யாது?

சடுகுடு ஆடியவர்களுக்கு இதனை ஓர் உபமானத்தால் எளிதில் விளக்கலாம். பாடிப் போகிறவன் எதிரியின் எல்லைக்குள் எவ்வளவு தூரம் துணிந்து போகலாம் என்பதை அவன் மூச்சே தீர்மானிக்கிறது. மூச்சு நீண்டவன் கடைசிக் கோடுவரை சென்று மீள்வான், மூச்சுக் குறைந்தவன் அருகிலுள்ளவனைத் தொட்டுவிட்டுத் திரும்புவதே விவேகம். அமெரிக்க ஆட்டத்தில் எறிவோனுக்கும் அப்படி ஒரு மூச்சு உண்டு. அது பெரும்பாலும் இரண்டரை விநாடி, மிஞ்சினால் மூன்று விநாடி. ஒரே வித்தியாசம் என்னவென்றால், சடுகுடுக்காரனின் மூச்சு அவன் நெஞ்சுக்குள் இருக்கிறது. எறிவோனின் மூச்சு அவனுக்கு முன்னே நிற்கும் ஐந்தாறு பேருடைய தோள்களில் இருக்கிறது. அவர்கள் தளர்ந்த கணத்தில் அவனுடைய பாட்டு நின்றுவிடுகிறது.

அந்த முன்வரிசையாரைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் அவர்களைப் பற்றிப் பேசுவார் குறைவு. நம் ஊர்களில் பெரிய தேர் வீதியில் திரும்பும்போது ஆயிரம் கண்கள் மேலே வீற்றிருக்கும் சுவாமியைப் பார்த்திருக்க, சக்கரத்தின் அருகே குனிந்தபடி முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கணத்தில் கொடுப்பது, எந்தக் கணத்தில் உருவுவது என்று கண் இமையாமல் வேலை செய்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஆரத்தி இல்லை. ஆனால் அவர்கள் கை ஒரு தடவை தவறினால் அன்று தேர் நிலைக்கு வராது. இந்த ஐவரும் அத்தகையவர்களே. மிகப் பருத்த தேகமுடைய இவர்கள், பின்னுக்கு நகர்ந்துகொண்டே, முன்னுக்குப் பாய்ந்து வருகிறவனைத் தடுக்க வேண்டும். அவன் எந்தப் பக்கம் பாய்வான் என்பது அவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. ஆண்டு முழுவதும் செம்மையாகக் காத்தவனுடைய பெயரைச் சனங்கள் அறியமாட்டார்கள். ஒருமுறை தவறவிட்டவனுடைய பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். இது அநீதி என்பதே என் அபிப்பிராயம்.

காவலை ஒரு சாஸ்திரமாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் பால் பிரௌன். 1946-இல் தொடங்கிய கிளீவ்லாந்து அணியில், காவலர்கள் ஆளுக்கொரு திசையில் பாய்ந்து முட்டுவதை விடுத்து, எறிவோனைச் சுற்றி ஒரு கிண்ணம் போல வளைந்து நின்று மெல்லப் பின்வாங்கும் முறையை அவர் பழக்கினார். அந்தக் கிண்ணத்துக்கு இன்று பாக்கெட் என்று பெயர். இருப்பினும் காவலர்களின் கைகளை விதி வெகுகாலம் கட்டியே வைத்திருந்தது. தாக்க வருகிறவன் அவர்கள் தலையில் உள்ளங்கையால் அறையலாம். டீக்கன் ஜோன்ஸ் என்னும் பராக்கிரமசாலி அந்த அறையாலேயே புகழ் பெற்றார். காவலர்களோ கையை நீட்டித் தடுக்கக்கூடாது. 1977-இல் அந்த அறை தடை செய்யப்பட்டது. 1978-இல் காவலர்கள் கையை விரித்து நீட்டித் தடுக்கலாம் என்று விதி வந்தது. அதே ஆண்டில், ஏற்போரை முதல் ஐந்து கஜத்துக்கு அப்பால் இடித்துத் தள்ளக் கூடாது என்றும் விதித்தார்கள். எறிவோனின் மூச்சு நீண்டது, ஏற்போரின் பாதையும் திறந்தது; ஆட்டத்தின் முகமே மாறியது.

ஆனால் விதி கொடுத்த அவகாசத்துக்கு முன்னரே, அவகாசம் தேவைப்படாத ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரமும், காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்திருக்கிறார். இந்த ஆட்டத்தில் அவ்விரண்டும் ஒரே பொருளாகிவிடுகின்றன என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டியவர் பில் வால்ஷ். சின்சினாட்டி அணியில் அவர் துணைப் பயிற்சியாளராக இருந்தபோது, நெடுந்தூரம் எறியவல்ல இளைஞனான கிரெக் குக் தோளில் அடிபட்டு ஒதுங்க, 1970-இல் வர்ஜில் கார்ட்டர் என்பவர் அவ்விடத்துக்கு வந்தார். கார்ட்டருக்குக் கை வலிமை குறைவு. ஆனால் புத்தி கூர்மை, குறி தவறாமை, விரைந்து தீர்மானிக்கும் சாமர்த்தியம் ஆகியவை நிறைந்திருந்தன. வால்ஷ் அவருக்கேற்றபடி ஏற்போரின் பாதைகளைச் சுருக்கினார். சில அடி பின்வாங்கியவுடன் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும் என்ற பாணியில், குறுக்கே ஓடுகிறவர்களுக்குச் சிறு சிறு எறிவுகளாகக் கொடுக்கச் செய்தார். மறு ஆண்டில் எறிவுகளுள் பலித்தவற்றின் விகிதத்தில் தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பு முழுவதிலும் கார்ட்டரே முதல்வராய் நின்றார். இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. காவலர்களை அதிகப்படுத்தாமலே வால்ஷ் காவலை அதிகப்படுத்தினார். எறிவோன் கையில் பந்து ஒன்றரை விநாடி மட்டும் இருக்குமானால், மூன்று விநாடி காக்கும் கூட்டம் எதற்கு?

அப்படிப்பட்ட வால்ஷும் காவலைத் துச்சமாக எண்ணியவர் அல்லர். 1981-ஆம் ஆண்டில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு லாரன்ஸ் டெய்லர் என்ற ஒருவர் வந்தார். புலியின் வேகமும் யானையின் பலமும் ஓருடம்பில் கூடியதுபோல விளிம்பிலிருந்து பாய்ந்து வருவார். வழக்கமாக அந்த இடத்தில் வருகிறவனை எதிர்கொள்வதற்கு, பின்னே நிற்கும் ரன்னிங் பேக் என்னும் ஓட்டக்காரனைத்தான் நிறுத்துவார்கள். டெய்லருக்கு முன்னே அவன் துரும்பு. 1982 ஜனவரி 3-ஆம் தேதி நடந்த போட்டியில், வால்ஷ் அப்போது தாம் பயிற்றிவந்த சான் பிரான்சிஸ்கோ அணியின் முன்வரிசையிலிருந்த ஜான் ஏயர்ஸ் என்பவரை, அவருக்கு முன்னே எதிரி யாரும் நேராக நிற்காத சமயம் பார்த்து, ஓரடி பின்வாங்கி விளிம்புக்குச் சென்று டெய்லரை எதிர்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். 38க்கு 24 என்று சான் பிரான்சிஸ்கோ வென்றது. சில வாரங்களில் அவ்வணி தேசத்தின் பட்டத்தையும் பெற்றது. ஏற்போரில் ஒருவரையும் குறைக்காமல், உள்ளே சும்மா நிற்கும் ஒரு காவலனைக் கண்டுபிடித்து இடம் மாற்றியதே அந்த ஏற்பாட்டின் அழகு. நம் வீடுகளிலும் கடைகளிலும் இப்படிச் சும்மா நிற்கும் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களை இனங்காணுவதற்குத்தான் கண் வேண்டும்.

இனி 1985-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டில், சரியாகப் பதினான்கு நாள் இடைவெளியில், இரண்டு திங்கட்கிழமை இரவுகள் இந்தக் கணக்கின் இரு பக்கங்களையும் தேசம் முழுவதும் பார்க்கும்படி எழுதிக் காட்டின.

முதலாவது நவம்பர் 18. வாஷிங்டன் அணியின் எறிவோன் ஜோ தைஸ்மன், முப்பத்தாறு வயதினர். அன்று அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு தந்திர ஆட்டம். எறிவோன் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுக்க வேண்டும். அவன் ஓடுவதுபோல இரண்டடி சென்று, சட்டென்று நின்று, பந்தைத் திரும்பவும் எறிவோனிடம் வீசிவிட வேண்டும். எதிரிகள் ஓட்டக்காரனை நோக்கிப் பாய்ந்து ஏமாந்து நிற்கும் நேரத்தில் நெடுந்தூரம் எறிய வேண்டும். பலித்தால் மிக அழகானது. ஆனால் கொடுப்பதற்கும் திருப்பி வாங்குவதற்குமே அவகாசத்திற் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அதற்கு மேலும் நெடுந்தூரம் ஓடுகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் லாரன்ஸ் டெய்லர் வந்து சேர்ந்தார். தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. முறித்தவரான டெய்லரே பதறி எழுந்து, வைத்தியர்களை வரச் சொல்லிக் கைகளை ஆட்டி அழைத்ததை அந்தக் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது டிசம்பர் 2. அந்தப் பருவத்தில் பன்னிரண்டு போட்டிகளிலும் தோல்வியே காணாத சிக்காகோ பேர்ஸ் அணி மயாமிக்கு வந்தது. அவர்களுடைய தற்காப்பை வகுத்தவர் பட்டி ரையன். எட்டுப் பேரை முன்னே நெருக்கி நிறுத்தி, யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாதபடி குழப்பி, காவலர்களின் எண்ணிக்கையைவிட ஒருவர் கூடுதலாக வரச் செய்வது அவர் முறை. அதற்கு மற்ற அணிகள் கண்ட பரிகாரம் மேலும் மேலும் ஆட்களை உள்ளே நிறுத்துவது. அப்படி நிறுத்திய எல்லாரும் தோற்றார்கள். மயாமியின் பயிற்சியாளர் டான் ஷூலா மறுவழி போனார். நாட் மூர் என்னும் மூன்றாவது ஏற்போனை வரிசையின் உட்புறத்தில் நிறுத்தி, முன்னே நெருங்கி நின்ற தடித்த எதிரிகளில் ஒருவர் அவரைத் துரத்தியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை உண்டாக்கினார். எறிவோன் டான் மரினோ. முந்திய பருவத்தில் 5,084 கஜம் எறிந்து 48 முறை பந்தை எதிரியின் இறுதிக் கோட்டைக் கடக்கச் செய்த கை. அந்தக் கையை விட்டுப் பந்து புறப்படும் வேகம் அக்காலத்தில் வேறு எவருக்கும் இல்லை. முதற்பாதிக்குள் 31 புள்ளிகள். முடிவில் 38க்கு 24. சிக்காகோ அணி அவ்வாண்டில் கண்ட ஒரே தோல்வி அதுதான். பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் அவர்கள் நியூ இங்கிலாந்து அணியை 46க்கு 10 என்று நொறுக்கினார்கள். அந்த அணியின் முதல் எறிவோனுடைய ஆறு எறிவுகளில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

இந்த இரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் என் கொள்கையை அமைத்துக்கொண்டேன். எத்தனை பேரை நிறுத்துவது என்று முதலில் கேட்பது பிழை. நினைத்த காரியம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்த நேரத்தை என் காவலர்கள் தருவார்களா என்று அடுத்தபடி கேட்க வேண்டும். தரமாட்டார்கள் என்றால், காவலைக் கூட்டுவது அல்லது காரியத்தின் நேரத்தைச் சுருக்குவது என்ற இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். தைஸ்மனுக்கு வகுத்த ஆட்டம் இரண்டையும் செய்யவில்லை. மரினோவுக்கு வகுத்தது இரண்டாவதைச் செய்தது. ஆறாவது ஆள் பாய்ந்து வருகிறான் என்றால் அவன் விட்டு வந்த இடம் காலியாக இருக்கிறது என்பதே பொருள். அவன் வந்து சேருமுன் அந்தக் காலியிடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுகிறவனுக்குக் காவலன் ஒருவன் குறைந்தது நஷ்டமன்று.

இவற்றுக்கு நடுவே, நான் மிகவும் மதிக்கிற ஒரு ஸ்தானம் உண்டு. எறிவோனுக்கு அருகே நிற்கும் ஓட்டக்காரனைப் பற்றி முன்பே சொன்னேன். பல ஆட்டங்களில் அவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. பந்து புறப்பட்டவுடன் அவன் முதலில் தனக்கென்று குறிக்கப்பட்ட எதிரியைப் பார்க்க வேண்டும். அந்த எதிரி தாக்க வந்தால், தன்னைவிட ஐம்பது பவுண்டு கனமானவனாயினும் அவன் மார்பில் போய் விழுந்து நிறுத்த வேண்டும். அவன் வராமல் பின்வாங்கினால், அந்தக் கணமே காவலை விட்டு வெளியே ஓடி, ஏற்போரில் ஐந்தாமவனாகித் திரும்பிப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். அரை விநாடிக்குள் காவலனா, ஏற்போனா என்று தன்னைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் அவனுடைய விவேகத்தால்தான், பயிற்சியாளனுடைய ஏடு ஐந்தா, ஆறா என்று முன்கூட்டியே விடை சொல்ல வேண்டிய அவசியத்திலிருந்து விடுபடுகிறது. வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் என்பவனுக்கும் இதே இரட்டைத் தொழில் உண்டு. போகிற போக்கில் ஓர் இடி கொடுத்து எதிரியைத் தாமதப்படுத்திவிட்டுத் தன் பாதையில் ஓடுவான். இவர்கள் பெயரில் எறிவுக் கணக்கும் பெரிதாக ஏறாது, காவற் கணக்கும் ஏறாது. ஆயினும் ஓர் அணியின் அறிவை அளந்து பார்க்க வேண்டுமானால் இவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

வேறொரு வழியாலும் அவகாசம் சம்பாதிக்கலாம், அது பாவனை. பந்தை ஓட்டக்காரனிடம் கொடுப்பதுபோல் கை நீட்டிக் கொடாமல் மறைத்துக்கொண்டால், எதிரிகள் ஒரு கணம் தயங்குவார்கள். அந்த ஒரு கணம் கூடுதலாக ஒரு காவலனை நிறுத்தியதற்குச் சமம். எம்டன் கப்பல் நம் துறைமுகத்துக்குள் நுழைந்தபோதும் செய்தது இதுவே. அதற்கு மூன்று புகைப்போக்கிகள். பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் என்று தோன்றும்படி வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 22 இரவில், சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துச் சென்ற கப்பலும் அதுதான். அன்று முதல், மகா சாமர்த்தியசாலியை எம்டன் என்று சொல்வது தமிழ் வழக்காகவே நிலைத்துவிட்டது.

அந்த எம்டனும் இந்தக் கணக்கில் ஒருநாள் அகப்பட்டது. பினாங்கை விட்டுப் போன பன்னிரண்டாம் நாள், நவம்பர் 9-ஆம் தேதி, கோக்கோஸ் தீவிலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிப்பதற்காக, கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் சுமார் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார். பீரங்கியில் தேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்ப, அருகே சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. கரைக்குப் போனவர்கள் திரும்பி ஏறுவதற்கு நேரமில்லை. அவர்களை விட்டுவிட்டே எம்டன் போருக்குப் போய், பவளப் பாறையில் மோதிக் கிடந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. ஐம்பது பேரும் கப்பலில் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் ஜெம்சுக்கின் காவல் உறங்கியதால் வென்ற கப்பல், இரண்டு வாரத்துக்குள் தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்ட வேளையில் பிடிபட்டது என்பதை இந்தத் துறைமுகத்தில் வாழ்கிற நாம் நினைக்காமல் இருக்க முடியாது.

அண்மைக் காலத்து உதாரணங்கள் இரண்டைக் கூறி முடிக்கிறேன். 2007-ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூ இங்கிலாந்து அணி பதினாறு போட்டிகளிலும் வென்று, அதுவரை எந்த அணியும் எட்டாத 589 புள்ளிகளைக் குவித்தது. அவர்களுடைய எறிவோன் டாம் பிரேடி 50 முறை எறிவால் பந்தை இறுதிக் கோட்டைக் கடக்கச் செய்தார். அவற்றில் 23 ராண்டி மாஸ் கையில் சேர்ந்தவை. நான்கு, ஐந்து என்று ஏற்போரைப் பரப்பி, சொற்பக் காவலோடு ஆடுவதில் அவர்களுக்கு நிகரில்லை. 2008 பிப்ரவரி 3-ஆம் தேதி இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அவர்களை எதிர்த்தபோது, கூடுதலாக ஆறாமவரை நம்பியிராமல், பெரும்பாலும் நால்வரைக்கொண்டே அந்தக் காவலை உடைத்தார்கள், பிரேடி ஐந்து முறை வீழ்த்தப்பட்டார், 17க்கு 14 என்று ஜயண்ட்ஸ் வென்றது. நால்வரே போதுமானால் காலியிடம் என்பதே எங்கும் கிடையாது. ஏழு பேர் ஏற்போரைக் காத்து நிற்பார்கள். 2021-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியிலும் அதுவே நடந்தது. கான்சாஸ் சிட்டி அணியின் இரு விளிம்புக் காவலர்களும் காயத்தால் ஆடாதிருக்க, பாட்ரிக் மஹோம்ஸ் என்னும் அற்புதமான எறிவோன் ஆட்டம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். 31க்கு 9 என்று தோற்றார்கள். அடுத்த பருவத்துக்கு முன் அந்த அணியார் முதற்காரியமாகச் செய்தது முன்வரிசையைப் புதிதாக அமைத்ததுதான்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த ஆட்டத்தைப் பார்க்க நேரும்போது, முதல் இரண்டு விநாடி பந்தைப் பார்க்காதீர்கள். எறிவோனுக்கு அருகே நிற்கும் அந்த ஓட்டக்காரனைப் பாருங்கள். அவன் முதலில் யாரைப் பார்க்கிறான், நிற்கிறானா, போகிறானா என்று மட்டும் கவனியுங்கள். பத்து முறை அப்படிப் பார்த்த பிறகு என்னிடம் வந்து, கண்டதைச் சொல்லுங்கள். கேட்க ஆவலோடு காத்திருப்பேன்.